ஜப்பானிய இளையோர் உடைகளும் பயண ஓவியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓரளவு வரையத் தெரிந்த, ஜப்பானுக்கு ஒரு முறை போய்வரத் திட்டமிட்டிருக்கும் வாசகர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டது. விசா, விமானக் கட்டணம், தங்கும் விடுதி ஆகியவை இதில் இல்லை. அங்குள்ள இளைஞர்கள் உடுத்தும் விதத்தை எங்கே பார்ப்பது, எந்தக் கண்ணோடு பார்ப்பது, பார்த்ததைத் தாளுக்கு எப்படிக் கொண்டுவருவது என்பவை மட்டுமே இங்கே பேசப்படுகின்றன.

எங்கே போக வேண்டும்? ஹராஜுகு மட்டும் போதுமா?

ஹராஜுகுவில் தொடங்கலாம், ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் பாதியைத்தான் பார்த்திருப்பீர்கள். டோக்கியோவின் யமனோத்தே ரயில் பாதையில் ஷிபுயாவுக்கு அடுத்த நிலையம் அது. நிலையத்துக்கு எதிரே சரிந்து இறங்கும் தகேஷிதா தெரு சுமார் 350 மீட்டர் நீளமுள்ள குறுகிய சந்து. இனிப்பு வாசனை வீசும் க்ரேப் கடைகளும், காலுறைக்கும் தலைமுடிக் கிளிப்புக்கும் என்றே இருக்கும் கடைகளும் இருபுறமும் நெருக்கியடிக்கும். இன்று அங்கே சுற்றுலாப் பயணிகளும் பள்ளிச் சுற்றுலா மாணவர்களும்தான் அதிகம். புதுமையாக உடுத்துபவர்கள் அந்தத் தெருவை வேகமாகக் கடந்து, ஜிங்குமாயே நாற்சந்திக்கு அருகிலுள்ள லஃபோரே ஹராஜுகு என்ற அங்காடிக்கோ, அதன் பின்புறச் சந்துகளுக்கோ, ஷிபுயா வரை வளைந்து செல்லும் கேட் ஸ்ட்ரீட்டுக்கோ போய்விடுகிறார்கள்.

பழைய உடைகளைத் தேடியெடுத்து உடுத்தும் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் ஷிமோகிதாசாவாவும் கோயென்ஜியும் நல்ல இடங்கள். ஷிமோகிதாசாவா, ஷிபுயாவிலிருந்து இனோகஷிரா பாதையில் சில நிமிடப் பயணம். கோயென்ஜிக்கு ஷின்ஜுகுவிலிருந்து சூவோ பாதையில் செல்ல வேண்டும். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் அந்தப் பாதையின் விரைவு ரயில் கோயென்ஜியில் நிற்காது என்பதால், மஞ்சள் பட்டையுள்ள சாதாரண ரயிலைப் பிடிக்க வேண்டும். ஷிபுயாவின் 109 கட்டடம், கீழே விவரிக்கப்படும் க்யாரு பாணியின் பழைய கோட்டை. இகேபுகுரோவில் அபிமானக் கதாபாத்திரத்தின் வில்லைகளைப் பை முழுவதும் குத்திக்கொண்டு நடக்கும் இளம்பெண்களைக் காணலாம். ஒரே முகம் நாற்பது, ஐம்பது முறை வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும் அந்தப் பை, மீள்வடிவத்தைப் பற்றி ஓவியப் பள்ளியில் ஒரு மணி நேரம் கேட்டாலும் விளங்காத ஒன்றை ஒரே பார்வையில் விளக்கிவிடும். ஒசாகாவுக்குப் போகிறவர்கள் அமெரிக்காமுராவின் முக்கோணப் பூங்காவில் அமர்ந்து பார்க்கலாம். டோக்கியோவைவிட அங்கே வண்ணம் துணிச்சலாகவும் பேச்சு சத்தமாகவும் இருக்கும்.

எந்தப் பருவம், எந்த நேரம் ஏற்றது?

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். பருவம் என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் முற்பகுதி வரை: அடுக்கடுக்காக உடுத்துவதற்கு ஏற்ற குளிர் அப்போதுதான் இருக்கும், வரைபவரின் விரல்களும் விறைக்காது. ஜூனில் மழை, ஜூலை, ஆகஸ்டில் சென்னை வெயிலுக்குப் பழகியவர்களே தளர்ந்துபோகும் புழுக்கம்.

ஜனவரியில் போக நேர்ந்தால் இரண்டாம் திங்கட்கிழமையைத் தவறவிட வேண்டாம். அது வயதுக்கு வருவோர் நாள். சட்டப்படியான வயது 2022 ஏப்ரலில் 18 ஆகக் குறைந்த பிறகும் பெரும்பாலான ஊர்களில் இருபது வயதினருக்கே விழா நடக்கிறது. அன்று நீண்ட கைகளையுடைய ஃபுரிசோதே கிமோனோக்களும் வெள்ளை ரோமக் கழுத்துப் போர்வைகளும் ரயில் நிலையங்களை நிறைக்கும். க்யூஷுவின் கிதாக்யூஷு நகர இளைஞர்கள் அந்த நாளுக்கென்று தைத்து வாங்கும் பொன்னும் ஊதாவுமான ஆடம்பர உடைகள் நாடு முழுவதும் பேசப்படுபவை.

ஹராஜுகு எப்படி இப்படி ஓர் இடமாக மாறியது?

இடத்தின் அமைப்பும் காலமும் சேர்ந்த விளைவு அது. போருக்குப் பிறகு, இன்றைய யோயோகி பூங்கா இருக்கும் நிலத்தில் அமெரிக்கப் படையினரின் குடும்பங்களுக்காக வாஷிங்டன் ஹைட்ஸ் என்ற குடியிருப்பு எழுந்தது; அவர்களை நம்பி ஓமோதேசாந்தோ சாலையில் வெளிநாட்டுப் பொருட்களை விற்கும் கடைகள் வந்தன. 1964 ஒலிம்பிக்குக்காக அந்த நிலம் திரும்பப் பெறப்பட்டு விளையாட்டு வீரர்களின் குடியிருப்பாயிற்று. ஜிங்குமாயே சந்திப்பில் 1958-இல் கட்டப்பட்ட சென்ட்ரல் அபார்ட்மென்ட்டில் புகைப்படக்காரர்களும் வடிவமைப்பாளர்களும் குடியேறினார்கள். 1970-இல் அன்அன், 1971-இல் நொன்நோ ஆகிய இதழ்கள் வெளிவரத் தொடங்கி இந்தப் பகுதியை ஊரெங்கும் உள்ள பெண்களுக்கு அறிமுகப்படுத்தின. மில்க் என்ற சிறு கடை 1970-இலும், லஃபோரே 1978-இலும் திறக்கப்பட்டன.

உண்மையான திருப்பம் 1977-இல் வந்தது: ஞாயிற்றுக்கிழமைகளில் யோயோகி பூங்காவை ஒட்டிய சாலையை வண்டிகளுக்கு மூடி நடப்பவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். தகேஷிதா தெருவில் 1978-இல் திறந்த ‘தகேனோகோ’ கடையில் வாங்கிய தொளதொள உடைகளை உடுத்திய பதின்பருவத்தினர், 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தச் சாலையில் வட்டமாக நின்று ஆடினார்கள். 1998-இல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. ஆனாலும் நிலையத்துக்கும் மேய்ஜி கோயிலுக்கும் இடையிலுள்ள ஜிங்கு பாலத்தில் கருப்பு லேஸும் வெள்ளைப் பவுடரும் அணிந்த இளைஞர்கள் ஞாயிறுதோறும் கூடுவது அதன்பின்னும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. வீட்டில் இடமில்லாத, கையில் பெரிய பணமும் இல்லாத இளைஞர்களுக்குத் தெருவே வரவேற்பறையாக இருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், அவர்களுடைய உடைகள் ஏன் தூரத்திலிருந்து பார்ப்பவரையும் எட்டும்படி அமைந்தன என்பது விளங்கும்.

அந்தக் காலமெல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்களே?

முடிந்துவிட்டது என்று சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. புகைப்படக்காரர் ஷோயிச்சி ஆவோகி 1997-இல் தொடங்கிய ஃப்ரூட்ஸ் இதழ், தெருவில் நிறுத்திய ஒரு இளைஞரைத் தலை முதல் கால் வரை ஒரே படத்தில் காட்டி, என்ன அணிந்திருக்கிறார், எங்கே வாங்கினார் என்று கீழே எழுதும் எளிய முறையால் உலகப் புகழ் பெற்றது. 2017-இல் அதன் அச்சுப் பதிப்பை நிறுத்தியபோது, படமெடுக்கும்படி உடுத்துபவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று ஆவோகியே காரணம் கூறினார். இதே வகைத் தெருப் பாணிகளுக்கான கேரா இதழின் அச்சுப் பதிப்பும் அதே ஆண்டில் நின்றது. அதற்கு முன்பே, மலிவு உடைகளை விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களான எச் அண்ட் எம் 2008-இலும் ஃபாரெவர் 21 2009-இலும் ஹராஜுகுவில் கடை விரித்திருந்தன.

ஆயினும் இறந்துவிட்டது என்பது மிகை. மேடை மாறியிருக்கிறது. தெருவில் தற்செயலாகக் கூடியவர்கள் இப்போது கைப்பேசியில் பேசி வைத்துக்கொண்டு தேநீர் விருந்துகளில் கூடுகிறார்கள்; தெருவில் அவர்கள் தென்படுவது போகும்போதும் வரும்போதும் மட்டுமே. ஓவியருக்கு இது பெரிய இழப்பில்லை என்பது என் கருத்து. நூறு பேர் கூடிய இடத்தில் கண் அலைபாயும். சாம்பல் நிறக் கோட்டு அணிந்த அலுவலகக் கூட்டத்தின் நடுவே, ரயில் மேடையில் தனியாக நிற்கும் ஒரு வெளிர் ரோஜா நிறப் பாவாடைதான் படமாகும்.

பாணிகள் பல என்கிறார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றை எப்படிப் பிரித்தறிவது?

பெயர்களை மனப்பாடம் செய்வதைவிடப் புறவடிவத்தைப் பார்க்கப் பழகுவது ஓவியருக்குப் பயன்படும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள். விவரங்கள் மறைந்து வெறும் உருவம் மிஞ்சும்.

மணி வடிவில் விரிந்த, முழங்காலளவுப் பாவாடை, உயர்ந்த கழுத்து, பெரிய தலைப்பட்டை அல்லது குல்லாய், உருண்டை முனைச் செருப்பு என்றால் அது லோலிடா. பாவாடையை விரித்து நிறுத்துவது உள்ளே அணியும் பானியே என்ற அடுக்கு உள்பாவாடை. தலையலங்காரம் தலையைப் பெரிதாக்கிக் காட்டுவதால் உடலின் அளவுகள் பொம்மைக்குரியவையாக மாறிவிடும். வழக்கமான ஏழரைத் தலை அளவில் உருவத்தை அமைக்கத் தொடங்கினால் இந்த உடை கையில் சிக்காது. பேபி த ஸ்டார்ஸ் ஷைன் ப்ரைட் 1988-இலேயே தொடங்கப்பட்ட நிறுவனம். கருப்பு நிறத்தைப் பெரிதும் நம்பிய கோதிக் கிளையை, பகட்டான ஒப்பனைக்குப் பேர்போன விஷுவல் கே ராக் இசையின் கலைஞர் மனா 1999-இல் தொடங்கிய மோவா மேம் மோவாத்தியே வலுப்படுத்தியது. இனிப்பான கிளை, கோதிக் கிளை, செவ்வியல் கிளை என இதில் மூன்று பெரும் பிரிவுகள் உண்டு.

டெகோராவுக்கு இதற்கு நேர்மாறான இலக்கணம். அதில் புறவடிவம் முக்கியமில்லை, மேற்பரப்புதான் எல்லாம். ஒரு டெகோரா பெண்ணை அருகிலிருந்து பார்த்தால், நெற்றிமுடியின் ஓரம் நெடுக பிளாஸ்டிக் கிளிப்புகள் ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். காதுக்கு மேலே ஒரு பக்கம் மட்டும் அவை கொத்தாகத் தடிக்கும். மூக்கின் மேல் ஒரு படம் போட்ட காயப் பட்டை. இரண்டு மூன்று காலுறைகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுருண்டு, ஒவ்வொன்றின் விளிம்பும் வேறு நிறத்தில் தெரியும். நடக்கும்போது வளையல்களும் தொங்கல்களும் கலகலவென ஒலிக்கும். கண்டதையெல்லாம் மாட்டிக்கொண்டதாகத் தோன்றும். சற்று நேரம் பார்த்தால், பெரும்பாலானவை இரண்டே நிறக் குடும்பங்களைச் சேர்ந்தவை என்பதும், மூன்றாவது நிறம் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் திட்டமிட்டு வைக்கப்பட்டிருப்பதும் தெரியும். செபாஸ்டியன் மாசுதா 1995-இல் திறந்த சிக்ஸ் பெர்சென்ட் டோகிடோகி கடை இந்த அழகியலுக்கு ஒரு முக்கிய ஊற்று.

க்யாரு பாணி 1990-களில் ஷிபுயாவில் வளர்ந்தது: வெளிறிய முடி, கருக்கப்பட்ட தோல், தொளதொளத்த வெள்ளைக் காலுறை, அடிமட்டம் உயர்ந்த காலணி. அழகென்றால் வெளுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு சமூகத்தில் பதினேழு வயதுப் பெண்கள் முகத்தைக் கருப்பாக்கிக்கொண்டு நடந்தார்கள் என்பதை நினைத்தால், அதை வெறும் குறும்பு என்று ஒதுக்க முடியாது. அவர்களுடைய எக் இதழ் 1995-இல் தொடங்கி, 2014-இல் நின்று, 2018-இல் இணையத்தில் மீண்டும் உயிர்பெற்றது.

அண்மைய ஆண்டுகளில் பரவலாகக் காண்பது ஜிராய் பாணி: கருப்பும் மங்கிய ரோஜாவும், பெரிய கழுத்துப் பட்டி, ரிப்பன்கள், அழுததுபோலச் சிவந்த கீழிமை. இதில் ஓர் எச்சரிக்கை. ஷின்ஜுகுவின் கபுகிச்சோவில் இந்த உடையில் கூடுபவர்களில் வீட்டை விட்டு வெளியேறிய சிறுவர் சிறுமியரும் உண்டு. அவர்களைத் தேடிப் போய் வரைவது கலையாகாது. அந்தப் பாணியைக் கடைகளிலும் ரயில்களிலும் பார்த்தாலே போதும்.

இவையெல்லாம் மாறுவேடம்தானே? காஸ்பிளேக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

காஸ்பிளே செய்பவர் ஏற்கெனவே உள்ள ஒரு கதாபாத்திரமாகிறார். அவர் எவ்வளவு நெருங்கி வந்தார் என்பதுதான் அளவுகோல். லோலிடாவோ டெகோராவோ உடுத்துபவர் யாராகவும் ஆகவில்லை, தாமாகவே இருக்கிறார். அவரிடம் எந்தக் கதாபாத்திரம் என்று கேட்டால் மனம் புண்படும். ‘லோலிடா’ என்ற பெயரைக் கேட்டதும் மேற்கத்திய நாவலொன்று நினைவுக்கு வந்து சிலர் முகம் சுளிப்பார்கள். இந்த உடையின் நோக்கமோ ஆண்களின் பார்வையைக் கவர்வதன்று. உடலைப் பெரும்பாலும் மூடி, தனக்கும் தோழிகளுக்கும் பிடித்ததை அணிவதே அதன் இயல்பு.

ஓவியருக்கு இதில் அப்படி என்ன இருக்கிறது?

இந்த இளைஞர்கள் காலையில் கண்ணாடி முன் நின்று செய்வது படத்தை அமைக்கும் வேலைதான். எந்த நிறம் தலைமை, எது துணை, கண் எங்கே முதலில் விழ வேண்டும், எங்கே இளைப்பாற வேண்டும் என்று அத்தனையும் தீர்மானித்துவிட்டுத்தான் அவர்கள் வாசலைத் தாண்டுகிறார்கள். ஆகவே அவர்களை அச்சு மாறாமல் தாளில் இறக்கினால் கிடைப்பது, வேறொருவர் முடித்த படத்தின் பிரதி. அவர்கள் எடுத்த தீர்மானங்களைப் படித்து, அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் படத்துக்குப் போவதையே நான் பரிந்துரைக்கிறேன். கோயென்ஜியில் ஒருவர் கடுகு நிறக் கம்பளிச் சட்டைக்குக் கீழே மங்கிய ஊதாக் காலுறை அணிந்திருந்தால், அந்த இரண்டு நிறங்களின் உறவை மட்டும் எடுத்து ஒரு நிலக்காட்சியையோ சமையலறை மேசையையோ தீட்டலாம். அணிந்தவர் அந்தப் படத்தில் இருக்க வேண்டிய தேவையே இல்லை.

நகர்ந்துகொண்டே இருப்பவர்களை எப்படி வரைவது?

இதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் வழி காட்டியிருக்கிறார். கட்டடக் கலை ஆய்வாளர் கோன் வாஜிரோ, 1923-இன் பெருநிலநடுக்கத்துக்குப் பின் மீண்டெழுந்துகொண்டிருந்த டோக்கியோவில், 1925-இன் கோடைத் தொடக்கத்தில் தம் குழுவினருடன் கின்ஸா சாலையில் நடந்து, எதிர்ப்படுபவர்கள் என்ன அணிந்திருக்கிறார்கள் என்று எண்ணிக் குறித்தார். ஆண்களில் 67 விழுக்காட்டினர் மேற்கத்திய உடையில் இருந்தார்கள். பெண்களில் ஒரே ஒரு விழுக்காடு. சிகை, கழுத்துப் பட்டி, மீசை, காலணி என்று ஒவ்வொன்றையும் சிறு கோட்டுப்படமாக வரைந்து, பக்கத்திலேயே எண்ணிக்கையை எழுதினார்.

அவருடைய முறை பயண ஓவியருக்கு அப்படியே பொருந்தும். முழு உருவத்தைப் பிடிக்க முயன்றால் இரண்டாவது கோட்டுக்குள் ஆள் போய்விடுவார். ஒரு பிற்பகல் முழுவதும் காலணிகளை மட்டும் வரையுங்கள். மறுநாள் பைகளை மட்டும். அதற்கடுத்து பின்னங்கழுத்தையும் முடியையும். தாளைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒன்றாக நிரப்பிக்கொண்டே போனால், மாலையில் அந்தத் தெரு அன்று என்ன உடுத்தியிருந்தது என்ற கணக்கு கையில் இருக்கும். நிறத்தை அங்கேயே தீட்ட நேரமிருக்காது. ‘துருவேறிய ஆரஞ்சு’, ‘கழுவிய நீலம்’ என்று எழுத்தில் குறித்துக்கொண்டு, அன்றிரவே, நினைவு ஆறுவதற்குள் தீட்டிவிட வேண்டும்.

நிற்பதற்கு இடம் தேர்வதும் முக்கியம். தகேஷிதா தெருவில் நின்று வரைய முடியாது, கூட்டம் தள்ளிக்கொண்டே போகும். ஜிங்கு பாலம் அகலமானது. ஜிங்குமாயே சந்திப்பில் 2024 ஏப்ரலில் திறந்த ஹராகாதோ கட்டடத்தின் மேல்தள மாடங்களில் செடிகளுக்கு நடுவே நின்று, கீழே சாலையைக் கடக்கும் கூட்டத்தை மேலிருந்து வரையலாம்; தலையலங்காரங்களும் குடைகளும் அந்தக் கோணத்தில் புதுமையாகத் தெரியும். அதே கட்டடத்தில் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்க்க ஒரு நூலகமும் உண்டு.

கேட்காமல் ஒருவரை வரையலாமா? படம் எடுக்கலாமா?

அனுமதியின்றி ஒருவரின் உருவத்தைப் படமெடுத்து வெளியிடுவதற்கு எதிரான உரிமையை ஜப்பானிய நீதிமன்றங்கள் தீர்ப்புகளின் வழியே ஏற்றிருக்கின்றன. கையால் வரைந்தது இதில் சேராது என்று பலர் நினைக்கிறார்கள். 2005 நவம்பரில் ஜப்பான் உச்ச நீதிமன்றம் அந்தக் கேள்வியையே எதிர்கொண்டது. நீதிமன்றத்தில் இருந்த ஒருவரை வரைந்து ஓர் இதழ் வெளியிட்ட வழக்கு அது. வரைபடத்தில் வரைபவரின் நோக்கும் திறனும் கலந்திருப்பதால் அதைப் புகைப்படத்தைப் போல அப்படியே எடைபோட முடியாது என்று நீதிமன்றம் கூறியது. சாதாரண நிலையில் காட்டிய படத்தை ஏற்று, கைவிலங்குடன் காட்டியதை மட்டும் அவமதிப்பு என்று தள்ளியது.

பயணிக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை விதி எளிமையானது. முகம் தெரியாத விரைவுக் கோடுகளுக்கு யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். முகம் அடையாளம் தெரியும்படி வரைவதானால் கேட்டுவிடுங்கள்: “காய்தே மோ ஈ தெஸ் கா?” என்றால் வரையலாமா என்று பொருள். ஸ்கெட்ச் புத்தகத்தைத் திறந்து முந்தைய பக்கங்களைக் காட்டியபடி கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். தம் உடையை ஒருவர் இவ்வளவு கவனமாகப் பார்த்தார் என்பதில் அவர்களுக்கு மகிழ்ச்சியே. கையைக் குறுக்காக வைத்து மறுத்தால் தலை தாழ்த்திவிட்டு நகர்ந்துவிட வேண்டும். பள்ளிச் சீருடையில் இருப்பவர்களின் முகத்தை வரைவதையும், எவரையும் ஒளிந்திருந்து படமெடுப்பதையும் முற்றாகத் தவிர்க்கவும். பல கடைகளுக்குள் படமெடுக்கத் தடை உண்டு. அங்கே பேனாவை எடுப்பதற்கு முன்னும் கேட்பதே மரியாதை.

வெள்ளை லேஸையும் கருப்பின் மேல் கருப்பையும் நீர்வண்ணத்தில் எப்படித் தீட்டுவது?

இந்த உடைகளை வரைபவர்கள் அதிகம் திண்டாடும் இடம் இதுதான். வெள்ளை லேஸைத் தீட்ட முயலவே கூடாது. தாளின் வெண்மையை விட்டுவிட்டு, அதன் துளைகளுக்குள் தெரியும் இருட்டைத் தீட்ட வேண்டும். முதலில் நீலமும் ஊதாவும் கலந்த மிக வெளிறிய கலவையால் மடிப்பின் நிழல்களை மட்டும் போடுங்கள். அது காய்ந்த பின், பாவாடை விளிம்பில் வெளிச்சம் படும் பகுதியில் உள்ளங்கையளவு இடத்துக்கு மட்டும் துளைகளைத் துல்லியமாகப் போட்டு, மற்ற இடங்களில் கோட்டை உடைத்து விட்டுவிடுங்கள். பார்ப்பவர் கண் மீதியைத் தானே நெய்துகொள்ளும். எல்லாத் துளைகளையும் போட்டால் லேஸ் கம்பி வலையாகிவிடும்.

கோதிக் உடையில் வெல்வெட், சாட்டின், பருத்தி, லேஸ் என நான்கு கருப்புகள் ஒரே உருவத்தில் இருக்கும். குழாயிலிருந்து வரும் கருப்பால் அவற்றைப் பிரிக்க இயலாது. அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்து, வெல்வெட்டுக்கு நீலம் மிகுந்த அடர்த்தியும், பருத்திக்குப் பழுப்பு மிகுந்த தளர்வும் கொடுத்தால் இரண்டும் தாமே விலகி நிற்கும். சாட்டினில் விளிம்பு கூரான வெளிச்சக் கீற்றை விட்டுவைக்க வேண்டும். வெல்வெட்டில் வெளிச்சம் மடிப்பின் முகட்டில் விழாமல் ஓரத்தில் மங்கலாகப் படரும்.

டெகோராவுக்கு வேறு வழி. கிளிப்புகளை ஒவ்வொன்றாக அடுக்காமல், முடியும் கிளிப்பும் சேர்ந்த மொத்தத்தை ஈரத்தில் ஈரமாக ஒரே திட்டாக ஓடவிட்டு, காய்ந்ததும் ஏழெட்டு கிளிப்புகளுக்கு மட்டும் கூரான விளிம்பு கொடுத்தால் போதும்.

என்ன கொண்டுபோக வேண்டும், எதை அங்கே வாங்கலாம்?

சிறிய ஸ்கெட்ச் புத்தகம், நீர் படாத மை கொண்ட பேனா ஒன்று, தண்ணீர் நிரப்பும் தூரிகை, பன்னிரண்டு வண்ணப் பெட்டி. இதற்கு மேல் சுமக்க வேண்டாம். டர்பென்டைன் போன்ற கரைப்பான்களை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், ஆகவே எண்ணெய் வண்ணம் பயணத்துக்குத் தோதுப்படாது.

மீதியை அங்கே வாங்குவது இன்பமான செலவு. ஷின்ஜுகுவின் சேகாய்தோ கடை பல மாடிகளுக்கு ஓவியப் பொருட்களால் நிறைந்தது. நாராவைச் சேர்ந்த குரேதாகே நிறுவனத்தின் கன்சாய் வண்ணங்கள் பெரிய கட்டிகளாக வரும். வழக்கமான நீர்வண்ணத்தைவிட அடர்த்தியும் இலேசான மினுமினுப்பும் உடையவை என்பதால் ரிப்பன், சாட்டின், பிளாஸ்டிக் ஆகியவற்றுக்கு அவ்வளவு பொருத்தம். ஒசாகாவின் சகுரா நிறுவனம் 1925-இல் கண்டுபிடித்த க்ரேபாஸ் எண்ணெய்ப் பாஸ்டல் டெகோரா நிறங்களுக்கு ஏற்றது. தென்னோசு தீவுப் பகுதியிலுள்ள பிக்மென்ட் டோக்கியோவில் சுமார் 4,500 நிறமிகள் சுவர் முழுக்கக் கண்ணாடிக் குப்பிகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றும் வாங்காவிட்டாலும் அந்தச் சுவர் முன் நின்றுவிட்டு வாருங்கள்.

பழைய ஓவியங்களையும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். லஃபோரேவின் பின்புறச் சந்தில், 1980 முதல் இயங்கும் ஓத்தா நினைவு அருங்காட்சியகம் உகியோ-எ மரஅச்சு ஓவியங்களுக்கென்றே உள்ளது. காட்சி மாற்றத்துக்காக அடிக்கடி சில நாட்கள் மூடிவிடுவார்கள், நாளைப் பார்த்துக்கொண்டு போகவும். உதாமாரோ, கியோனாகா போன்ற எடோ கால (1603–1868) ஓவியர்கள் தீட்டிய அழகியர் படங்கள் அந்நாளைய உடைப் பாணிகளின் விளம்பரங்களும்கூட: எந்தக் கோடு போட்ட துணி, எந்த இடைக்கச்சை முடிச்சு இந்தப் பருவத்துக்குரியது என்று நகரமே அவற்றைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. வெளியே வந்ததும் அதே வேலையைச் செய்யும் கைப்பேசித் திரைகள் தெருவெங்கும்.

எடோ காலத்து அரசு, வணிகர்களின் ஆடம்பரத்தை அடக்கப் பகட்டான நிறங்களுக்கும் பட்டுக்கும் தடை விதித்தது. மக்கள் பழுப்பிலும் சாம்பலிலும் புகுந்து விளையாடினார்கள். நாற்பத்தெட்டுப் பழுப்பு, நூறு சாம்பல் என்று ஒரு வழக்கே எழுந்தது. வெளியே மங்கிய கிமோனோ, உள்ளே யாரும் காணாத பகட்டான உள்துணி. நான்கு கருப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் இன்றைய பெண்ணைத் தீட்டுவதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

அந்த மங்கிய நிறங்களில் நம் கடற்கரைக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னைச் சாந்தோமின் பெயரைத் தாங்கி, டச்சுக் கப்பல்களில் நாகசாகி போய்ச் சேர்ந்த மெல்லிய கோடுபோட்ட பருத்தித் துணியைச் சாந்தோமே என்றே எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்தார் அழைத்து, மிடுக்கின் அடையாளமாக உடுத்தினார்கள். பின்னர் டோக்கியோவுக்கு அருகிலுள்ள கவாகோயேயில் அதே வகைக் கோடுகளை உள்ளூரிலேயே நெய்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால், தகேஹிசா யுமேஜியின் மெலிந்த, கவலை தோய்ந்த பெண்களைப் புங்க்யோ பகுதியில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் காணலாம். நகஹாரா ஜுனிச்சி இன்னும் நேரடியான முன்னோடி: போர் முடிந்து துணிக்கே பஞ்சமாக இருந்த 1946-இல் சோரேயு இதழையும், மறு ஆண்டில் சிறுமியருக்கான ஹிமாவாரியையும் தொடங்கி, இருக்கும் துண்டுத் துணியில் அழகாக உடுத்துவது எப்படி என்று வரைந்து காட்டினார். அவர் தீட்டிய பெரிய கண்களும் ரிப்பன்களும் இன்றும் தெருவில் நடக்கின்றன.

எதை வரைந்தாலும் அனிமே போல ஆகிவிடுகிறதே?

கண்ணில் தொடங்கினால் அப்படித்தான் ஆகும். காலணியில் தொடங்குங்கள். தரையில் பாதம் எப்படி ஊன்றியிருக்கிறது, உயர்ந்த அடிமட்டத்தின் எடையால் முழங்கால் எப்படி மடிகிறது, பையின் பாரத்தால் தோள் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று மேலே ஏறிக்கொண்டே வந்தால், முகத்தை எட்டும்போது அது ஒரு குறிப்பிட்ட மனிதரின் உடலாகியிருக்கும். முகம் வராமல் போனாலும் படம் நிற்கும்.

நானும் அந்த உடையை அணிந்து பார்க்கலாமா?

தாராளமாக. வெளிநாட்டவர் அணிவதை அங்கே பெரும்பாலும் வரவேற்கவே செய்கிறார்கள். புதிய லோலிடா உடைகள் விலை அதிகம். பழைய உடைக் கடைகளில் நல்ல நிலையில் உள்ளவை குறைந்த விலைக்குக் கிடைக்கும். அளவுகள் சிறியவை, வாங்குமுன் அளந்து பார்க்கவும். பானியேயின் கனம், கழுத்துப் பட்டியின் இறுக்கம், கையைத் தூக்க முடியாத தோள் தையல் ஆகியவற்றை உடலில் உணர்ந்தவரின் கோடு வேறு மாதிரி இருக்கும்.

ஊர் திரும்பிய பின் அந்தப் படங்களைக் காட்சிக்கு வைக்கலாமா, விற்கலாமா?

அடையாளம் தெரியாத உருவங்கள் என்றால் தடையில்லை. அனுமதி பெற்று முகத்தை வரைந்திருந்தால், அனுமதி கேட்டபோதே காட்சிக்கும் விற்பனைக்கும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும். பலர் சமூக வலைப்பக்க முகவரியைத் தருவார்கள், முடித்த படத்தை அனுப்பி ஒரு வார்த்தை கேட்பது நல்லது. கவனிக்க வேண்டிய மற்றொன்று துணியில் உள்ள படம். லோலிடா உடைகளின் கேக்குகள், தேவாலயங்கள், பூனைகள் போன்ற அச்சுகளை அந்தந்த நிறுவனத்தின் ஓவியர்கள் வரைந்து, பெயரிட்டு வெளியிடுகிறார்கள். அவற்றைக் கோட்டுக்குக் கோடு படியெடுத்து அஞ்சலட்டையாக விற்பது அவர்கள் படைப்பை எடுத்தாள்வதாகும். பாவாடையில் ஏதோ ஒரு அச்சு இருக்கிறது என்று தோன்றும் அளவுக்குச் சில திட்டுகள் போதும். அந்த இடத்தில் வேறு அச்சு வேண்டுமானால் நீங்களே ஒன்றை வரைந்து வையுங்கள்.